இரண்டு விரல்

டெய்லர் இன்றைக்கும் எடை தூக்கும் பாரைத் தொட்டுவிட்டார்.

டிக்கெட் பரிசோதகராக இருக்கிறவள் அதைப் பார்த்துவிட்டாள். டிக்கெட் எடுக்காதவனை, அவன் ஜன்னல் பக்கம் திரும்புகிற தினுசிலேயே பிடித்துவிடுகிறவள் அவள். பெஞ்சில் மல்லாந்து படுத்து எடை தூக்குகிறவருக்கே தெரியாமல் தலைமாட்டில் நடக்கும் தில்லுமுல்லு அவள் கண்ணுக்குத் தப்புமா?

வெளியே இன்னும் வெளுக்கவில்லை. ஜிம்மில் நாலைந்து பேர்தான். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அலுப்பு வந்து ஆளை அமுக்கிவிடும். காலையிலேயே முடித்துவிட்டால் பகலெல்லாம் உடம்பு லேசாக இருக்கும், ராத்திரி படுத்ததும் தூக்கம் வரும் என்பார் ஜிம் மாஸ்டர். அவளுக்கு அது பலித்திருந்தது. வேலை பார்த்துக்கொண்டே ஆசைக்குத் தூக்குகிறவர்களுக்கென்று வருஷா வருஷம் ஒரு போட்டி உண்டு. இந்தத் தடவை பெண்கள் பிரிவில் அவளும் பேர் கொடுத்திருந்தாள்.

பல் டாக்டரும் அந்தப் போட்டிக்குத்தான் தயாராகிறார் என்று ஜிம்மே பேசிக்கொண்டது.

டாக்டர் தூக்க, டெய்லர் பின்னால் நின்று சப்போர்ட் கொடுப்பார். சப்போர்ட் என்றால் சும்மா நிற்பது. தூக்குகிறவர் திணறினால் மட்டும் பாரைப் பிடிக்க வேண்டும். டெய்லரோ பார் கிளம்பும்போதே இரண்டு விரலை அடியில் கொடுத்துவிடுவார். கொடுத்துவிட்டு, "நீங்களேதான் டாக்டர், நான் தொடவே இல்ல" என்று சாதிப்பார்.

அன்றைக்கு அவள் கேட்டே விட்டாள்.

"டெய்லரண்ணே, தூக்கறது டாக்டரா, நீங்களா?"

"அவர்தாம்மா," என்றவர், துண்டை எடுத்து உள்ளங்கையை அழுத்தித் துடைத்துக்கொண்டே இருந்தார். திருட்டு முழி என்று அவள் முடிவு கட்டினாள்.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் சுவர் ஓரம் கிடந்த இரும்புத் தட்டுகளை அடுக்கியபடி, "விடுங்கம்மா, ரெண்டு பேரும் பழைய ஆளுங்க" என்று மழுப்பினார். பேச்சு மட்டும் பெரிய பேச்சு, நேர்மை கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. போட்டி மேடையில் டெய்லரின் விரல் இருக்காது. நடுவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனுஷன் பாருக்கு அடியில் மாட்டிக்கொண்டு தவிக்கப்போகிறார். இவர்களுக்கு என்ன?

அன்றைக்கு டெய்லர் கடை திறக்கணும் என்று முன்னதாகவே கிளம்பிப் போனார். டாக்டர் வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"டாக்டர், தப்பா நெனைக்காதீங்க. நீங்க தூக்கற வெயிட் உங்களோடது இல்ல. பாதி டெய்லரண்ணன் தூக்கறார்."

"தெரியும்மா."

அவர் ஷூ நாடாவை இழுத்துக் கட்டினார்.

"என் கைல இருக்கற கனம் எனக்குத் தெரியாதா? கை எடுங்கன்னு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். எடுத்தார். பார் எறங்க எறங்க அவருக்கு மூச்சே நின்னுபோச்சு. அதுக்கப்புறம் நான் சொல்றதில்ல."

டாக்டர் நிமிராமலே மிச்சத்தைச் சொன்னார். டெய்லரின் மகனும் எடை தூக்கினவன்தான். வீட்டிலேயே பெஞ்ச் போட்டு வைத்திருந்தான். ஒரு விடியற்காலையில் சப்போர்ட் கொடுக்க வாங்கப்பா என்று எழுப்பியிருக்கிறான். கல்யாணத் துணியெல்லாம் தைத்து முடித்துவிட்டு அப்போதுதான் படுத்திருந்தார் அப்பா. நீ ஆரம்பி, இதோ வரேன் என்று புரண்டு படுத்துவிட்டார். எழுந்து போனபோது பார் மகனின் கழுத்தில் கிடந்தது.

உள்ளே யாரோ இரும்பைத் தரையில் வைத்த சத்தம் கேட்டது.

"காலைல எக்சர்சைஸ் பண்ணா அது நல்லது, இது நல்லதுன்னு மாஸ்டர் சொல்வார்ல. டெய்லருக்கு இதுல ஒரே நல்லதுதான். அந்த நேரத்துக்கு அவர் அந்தக் கட்டில்ல கெடக்க வேண்டாம்."

"நான் அவரைப் போய்..." என்று ஆரம்பித்தவள், பேச்சை மாற்றிக் கேட்டாள்: "சரி டாக்டர், ஆனா போட்டியில என்ன பண்ணுவீங்க? அங்க அவரைப் பக்கத்துல விட மாட்டாங்களே."

டாக்டர் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இந்த வருஷமும் நான் பேர் கொடுக்கலம்மா. ஒவ்வொரு தடவையும் அடுத்த வருஷம்னு அவர்கிட்ட சொல்லிடுவேன். நான் கலந்துக்கிட்டு போட்டி முடிஞ்சுட்டா, மறுநாள் காலைல அவர் எதுக்காக எந்திரிப்பார்?"