நம்ம வீட்டு வாசனை

"இது கலர் பேனாதானே டாக்டர்?" என்று கேட்டாள் அம்மா.

டாக்டரம்மா மேஜைமேல் எடுத்து வைத்தது விரல் நீளத்தில், இளஞ்சிவப்பில் பளபளத்தது. மகளின் ஸ்கூல் பையில் அதைப் பல தடவை பார்த்திருக்கிறாள். "மூடியைத் தொலைச்சிடாதே" என்று புத்திமதிகூடச் சொல்லியிருக்கிறாள்.

"பேனா இல்லைம்மா, வேப். பேட்டரியில ஓடுற சிகரெட். மாசக்கணக்கா இழுத்திருக்கா. நுரையீரல் ரெண்டும் ரொம்பக் கெட்டுப்போயிருக்கு."

"என் பொண்ணா? எட்டாவது படிக்கிறா டாக்டர்! தெருவுல எவனாவது சிகரெட் பிடிச்சாலே மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுவா."

"இது நாறாது. பழ வாசனை அடிக்கும். அவ ரூம்ல வந்திருக்குமே, கவனிக்கலையா?"

அம்மா பக்கத்தில் நின்ற கணவரைக் காட்டினாள்.

"எங்க வீட்ல எப்பவும் பழ வாசனைதான் டாக்டர். இவர் மிட்டாய்க் கம்பெனியில எசன்ஸ் கலக்குறவர். சட்டையைத் துவைச்சாக்கூடப் போகாது. இவர்கிட்ட இருந்துதான் வருதுன்னு நானும் இருந்துட்டேன்."

புதுசாக எதைக் கலந்தாலும் காகிதத் துண்டுகளில் தொட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார் அப்பா. சாப்பாட்டு மேஜையில் மகள் கண்ணை மூடி, ஒவ்வொன்றாக மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவாள். "உன் வயசுப் பிள்ளைங்களுக்கு எது பிடிக்கும், அதைச் சொல்லுடி மூக்குக்காரி" என்பார். அவள் சொன்னால் சொன்னதுதான். அப்பாவுக்கும் மகளுக்கும் அதில் அப்படி ஒரு கொண்டாட்டம்.

இப்போது அந்த அப்பா மேஜையில் கிடந்ததை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது முகம். பெற்ற மனசு பதறாதா என்று நினைத்துக்கொண்டாள் அம்மா.

"பிழைச்சிடுவா இல்ல டாக்டர்?"

"இன்னும் ரெண்டு நாள் தாண்டணும்மா. அதுக்கு முன்னாடி நான் எதுவும் சொல்றதுக்கில்லை."

உள்ளே மூக்குக்காரி, மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க்கோடு கிடந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டன. அம்மா அவள் தலையைக் கோதினாள்.

"யாருடி தங்கம் இதைக் கொடுத்தா? இழுக்கப் பயமா இல்லையா உனக்கு?"

மகள் மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"ஃப்ரெண்டுதாம்மா... முதல்ல பயமாத்தான் இருந்துச்சு. இழுத்தா... நம்ம வீட்டு வாசனை அடிச்சுது. அதான்... பயம் போயிடுச்சு."

நர்ஸ் ஓடிவந்து மாஸ்க்கைச் சரிசெய்து, இருவரையும் வெளியே அனுப்பினாள். கதவு சாத்தியதுதான் தாமதம், அம்மா வெடித்துவிட்டாள்.

"விஷத்துக்குப் பழ வாசனை பூசிப் பச்சப் பிள்ளைங்க வாயில வைக்கிறானே, அவன் நல்லா இருப்பானா? அவனுக்கும் ஒரு பொண்ணு இருந்து, இப்படி மூச்சுக்குத் தவிச்சுக் கிடக்கணுங்க. அப்பதான் அவனுக்கு உறைக்கும்!"

யாரையாவது அவள் கரித்துக் கொட்டினால், "நம்ம வாயால எதுக்கு?" என்று அடக்குவது அப்பாவின் வழக்கம். இன்றைக்கு அடக்கவில்லை. சுவரில் சாய்ந்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க? என்ன ஆச்சு?"

"மிட்டாய்க் கம்பெனியை விட்டு ஒரு வருஷம் ஆகுது. அதிகச் சம்பளம் தர்றோம்னாங்க, வேற இடத்துக்குப் போயிட்டேன். உன்கிட்ட சொல்ல மனசு வரலை." அவர் உள்ளங்கையில் அந்த இளஞ்சிவப்புக் குழாய் இன்னும் இருந்தது. "தர்பூசணியில கொஞ்சம் புதினா. அவதான் மோந்து பார்த்து, இதுதான்ப்பா பெஸ்டுன்னு எடுத்துக் கொடுத்தா."

அம்மா அவரையே வெறித்துப் பார்த்தாள்.

"நீ சொன்ன அந்தப் பொண்ணு," என்று மூடிய கதவைக் காட்டினார், "உள்ளதான் கிடக்கா."