லேசர் விளக்குக்கு வந்த பதில்

என் மீசைமேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை!

வெளிச்சம் ஓடுவதற்கான மயிரிழை அகலக் கண்ணாடிப் பாதை ஒன்றின் வாசலில் ஒரு லேசர் விளக்கு இருந்தது. அது அனுப்பும் வெளிச்சத்தில் கொஞ்சம், பாதையின் கடைசியில் நேராக நின்ற கண்ணாடி விளிம்பில் முட்டித் திரும்பிவரும்.

“யாரோ என்னைக் கூப்பிடுறாங்களே!” என்று விளக்கு குழம்பும், பதில் சொல்லப்போய்த் தடுமாறி மினுக்கும்.

“இப்படி மினுக்கினா உங்களைப் பிடுங்கி எறிஞ்சிடுவாங்க அண்ணே,” என்றது விளிம்பு. “இங்கே ஆளே இல்லை. என்மேல முட்டித் திரும்புறது உங்க வெளிச்சம்தான்.”

“என் வெளிச்சம் எனக்குத் தெரியாதா? இது பெரிய அறிவாளி, தம்பி. நான் நினைக்கிறதையே சொல்லுது!”

விளக்கைப் பிடுங்க வந்தவர்கள், கடைசி முயற்சியாக விளிம்பைச் சாய்வாகத் தேய்த்துப் பார்த்தார்கள். முட்டிய வெளிச்சம் விளக்கிடம் திரும்பாமல் பக்கவாட்டில் ஒதுங்கி மறைந்தது. விளக்கு ஆடாமல் எரிந்தது. வந்தவர்கள் அதை விட்டுவிட்டுப் போனார்கள்.

விளக்குக்கோ குழப்பம் கூடிவிட்டது.

“தம்பி, அவருக்கு என்மேல என்ன கோபம்?”

“யாருக்கு அண்ணே?”

“என்னைப் புரிஞ்சுக்கிட்ட ஒரே ஆளுக்கு.”

இதை நான் சொன்னதாக யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். அந்த ஆள் நான்தான் என்று விளக்கு நினைத்துக்கொள்ளும்.