மூச்சு வரும் வரை

ரெஜினாவின் மணிக்கட்டுப் பட்டை அதிர்ந்தால், அவள் பொறுப்பிலிருக்கும் கடற்பசு பாக் நீரிணையில் மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டது என்று பொருள். அவள் வேலை பார்க்கும் மண்டபம் ஊர்க் கடல் ஆய்வுக்கூடத்தில், கருவி பொருத்திக் கண்காணிக்க ஆளுக்கொரு கடற்பசு. அதிர்வு தாமதித்தால் அது வலையில் சிக்கியிருக்கலாம்; படகை அனுப்ப வேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, ஓர் அதிர்வு வந்து அடுத்தது வரும்வரை அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. சோறு பிசைந்த விரல்கள் தட்டிலேயே காய்ந்துபோகும்.

அன்று மாலையும் தாமதித்தது. வீட்டில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"பிள்ளை எங்கடி?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான் கணவன் சேவியர்.

"சும்மா இருங்க, அது இன்னும் மேல வரல." பட்டையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

ஒருவழியாகப் பட்டை அதிர்ந்தது. "அப்பாடா!" என்று நிமிர்ந்தபோதுதான் குளியலறையில் தண்ணீர் சிதறும் சத்தம் கேட்டது. ஓடினாள். தொட்டித் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கிய ஐந்து வயது மகள் ஜோவிதா, உதடு நீலம் பாரித்து, இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள்.

"நானும் ரொம்ப நேரம் உள்ளயே இருந்தேம்மா," என்றாள். "எனக்காவும் பயந்தியா?"