விமலாவுக்குப் பிடித்த வேடங்கள்

“அவார்டு வாங்குன படத்தையே பிடிக்கலன்னு சொல்றீங்களேக்கா! உங்களப் போயி பெரிய ரசிகைன்னு பொறுக்கி எடுத்தேனே!”

கோயில் கமிட்டிச் செயலாளர் புவனேஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டான். கோலா சாவா தோட்டத்துக் கோயில் திருப்பணிக்காகக் கலை நிகழ்ச்சி. மண்டபத்தில் நிற்க இடமில்லை. சென்னையிலிருந்து கடல் தாண்டி வந்திருக்கும் நடிகை ரேணுஸ்ரீக்கு உள்ளூர் ரசிகை ஒருவர் மாலை போட வேண்டும். யார் போடுவது என்று தீர்மானிக்க, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொன்னார்கள். பக்கத்து ஊரான ரெம்பாவிலிருந்து விமலா அனுப்பிய பதிவைக் கேட்டதுமே புவனேஸ்வரன் மற்ற எதையும் கேட்கவில்லை.

மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியிலிருந்த மாலையைத் தடவிக்கொண்டிருந்தாள் விமலா. பக்கத்தில் கணவர் யோகேந்திரன். செம்பனைப் பழக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர்.

“பிடிக்கலன்னு சொல்லல லா தம்பி. அதுல அவங்களே இல்லன்னுதான் சொன்னேன்.”

“படம் முழுக்க அவங்க மூஞ்சிதான்கா! கண்ணாலேயே அழ வெச்சாங்களே!”

“மூஞ்சி இருந்தா போதுமா?”

யோகேந்திரன் சம்பந்தமில்லாமல் இருமினார்.

“சரிக்கா, நான் அந்த ஒரு படம்தான் பாத்திருக்கேன். வேற எத பாக்கலாம், நீங்களே சொல்லுங்க.”

கேட்டதுதான் தாமதம், விமலா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மொதல்ல, மீன்காரியா வந்த படம். ஏலத்துல வெல கூவிக்கிட்டே இருப்பாங்க. கடலுக்குப் போன மவன் வரலன்னு ஒருத்தன் வந்து சொல்லுவான். பாதி வெலயில நின்னுரும். அழல, கத்தல. மூச்சு மட்டும் ஒருவாட்டி உள்ள போகும் பாருங்க, வெளிய வராது. ஐயோ, எனக்கு நெஞ்சே அடைச்சிருச்சு தம்பி!”

புவனேஸ்வரன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இப்படிக்கூட ஒருத்தர் படம் பார்க்க முடியுமா?

“அப்புறம் போலீஸ்காரி வேஷம். கோவம் ஏற ஏற சத்தம் கொறையும். கேக்குற நமக்கு ஒதறும்.”

“அதுலதானே செவப்புச் சேலையில ஒரு பாட்டுக்கு வருவாங்க? போஸ்டர்ல பாத்தேன்.”

“சேலைய யாரு லா கவனிச்சா!” என்று சிரித்தாள். சட்டென்று அவள் குரல் இறங்கியது. “டிவி தொடர்ல ஒரு நர்ஸ் வேஷம் இருக்கு. அத கண்டிப்பா பாருங்க. ஆறு வருஷத்துக்கு முன்னால சிரம்பான் ஆஸ்பத்திரியில கெடந்தேன். இனிமே இருந்து என்ன செய்யப்போறோம்னு வெறுத்துப்போச்சு. பக்கத்துக் கட்டில்காரம்மா போன்ல அந்தத் தொடர் ஓடுது. தூங்கப் பயப்படுற நோயாளிகிட்ட இவங்க சொல்றாங்க, ‘விடிஞ்சா நான் சொல்றேன். நீங்க தூங்குங்க.’ எனக்கே சொன்ன மாதிரி இருந்துச்சு. அன்னிக்குத்தான் தூங்குனேன். அந்த வரிய ஒருவாட்டி அவங்க வாயால கேட்டுட்டா போதும் தம்பி. அதுக்குத்தான் வந்தேன்.”

புவனேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “கண்டிப்பா சொல்லச் சொல்றேன்கா. ஆனா அவார்டு படத்தப் பத்தி மட்டும் வாயத் தொறந்துராதீங்க. கோவிச்சுக்கிட்டு பிளேன் ஏறிட்டாங்கன்னா கமிட்டிக்காரங்க என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க.”

பெயரைக் கூப்பிட்டார்கள். “பாத்து, படி இருக்கு” என்று யோகேந்திரன் கையைப் பிடித்து மேடையேற்ற, “இன்னும் புது மாப்பிள்ளைன்னு நெனப்பு அண்ணனுக்கு!” என்று கூட்டத்தில் யாரோ கிண்டலடித்தார்கள்.

ரேணுஸ்ரீ பட்டுச் சேலையில் ஜொலித்தார். அவர் பின்னால், கைப்பையும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு நடுத்தர வயதுப் பெண் நின்றாள். புவனேஸ்வரன் ஆங்கிலத்தில் விமலாவின் ஆசையைச் சொன்னான். ரேணுஸ்ரீ அழகாகச் சிரித்து மைக்கை வாங்கினார்.

“விடிஞ்சா… நான்… சொல்ரேன். நீங்கோ…” அதற்கு மேல் வரவில்லை. அதற்கே விசில் பறந்தது.

விமலாவின் முகம் வாடிப்போனது. மாலையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். “இது அவங்க இல்லைங்க. வாங்க, வீட்டுக்குப் போயிரலாம்.”

இதற்குள் கைப்பைக்காரப் பெண் ரேணுஸ்ரீயின் காதருகே குனிந்து மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். மைக் அதையும் பிடித்துக்கொண்டது.

“விடிஞ்சா நான் சொல்றேன். நீங்க தூங்குங்க.”

விமலா அப்படியே நின்றாள். அடுத்த கணம் மாலையை ஏந்திக்கொண்டு முன்னால் வந்தாள். ரேணுஸ்ரீ தலை குனிந்து கொடுத்தார். யோகேந்திரன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூட வர, விமலா அவரைத் தாண்டிப் போய், கைப்பைக்காரப் பெண்ணின் கழுத்தில் மாலையைப் போட்டாள்.

“நீங்கதான்! என்னைத் தூங்க வெச்சது நீங்கதாம்மா!” என்று அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.



“என்னக்கா இது! ரேணுஸ்ரீ இங்கல்ல நிக்கிறாங்க! கண்ணு தெரியலையா?” புவனேஸ்வரன் பதறிக்கொண்டு ஓடினான்.

“தெரியாது சார்,” என்றார் யோகேந்திரன். “இனிப்புநீர் நோயில கண்ணு போயிருச்சு, ஆறு வருஷமா. சொன்னா மேடையேத்த மாட்டீங்கன்னு பயந்து சொல்லல. படமெல்லாம் அவ காதாலதான் சார் பாக்குறா.”

ரேணுஸ்ரீதான் முதலில் கை தட்டினார். பிறகு மண்டபம் முழுக்க எழுந்து நின்று தட்டியது.

மாலையை நம்பமுடியாமல் தொட்டுப் பார்த்தாள் அந்தப் பெண். “இவங்களுக்குத் தமிழ்ல டப்பிங் குடுக்குறது நான்தான். இதுவரைக்கும் ஒருத்தரும் என்னைக் கண்டுபிடிச்சதில்ல.”

“அப்போ அந்த அவார்டு படத்துல அவங்களே இல்லன்னு அக்கா சொன்னது…” புவனேஸ்வரன் இழுத்தான்.

“அதுல இவங்களுக்கு ஊமைப் பொண்ணு வேஷமாச்சே தம்பி,” என்றாள் அவள். “எனக்கு அதுல வேலையே இல்ல.”