சுல்தானுக்கு ஆளிவிதை எண்ணெய்

காரைக்குடி வாஹித், சுல்தானின் சாப்பாட்டில் ஆளிவிதை எண்ணெயை ஊற்றிப் பிசைந்தார்.

“எனக்கு ஒருநாளாவது இப்படிப் பிசைஞ்சு தந்திருக்கீகளா?” என்று மனைவி சபா சிரித்தாள்.

“அவனுக்கு நுரையீரல்ல நாள்பட்ட வீக்கம் சபா. இந்த எண்ணெய் அதைக் கொறைக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“நாளைக்குக் கல்யாணத்துக்கு அவனைக் கூட்டிட்டுப் போகத்தான் வேணுமா?”

“வாக்குக் குடுத்துட்டேன். ஆனா ஊர்வலத்துல இருமிட்டான்னா இனி ஒருத்தரும் கூப்பிட மாட்டாக.”

மறுநாள் புதுவயலில் ஊர்வலம் கிளம்பியதிலிருந்து வாஹித் சுல்தானின் மூச்சையே கவனித்துக்கொண்டு நடந்தார். வெடிப்புகைக்குக்கூட அவன் இருமவில்லை.

மண்டப வாசலில், சுல்தானின் முதுகிலிருந்து மாப்பிள்ளை இறங்கினார்.

“பாய், அடுத்த மாசம் என் தம்பி கல்யாணம். அதுக்கும் இந்தக் குதிரைதான் வேணும்.”

வாஹித்துக்கு வாயெல்லாம் பல். அவர் பதில் சொல்வதற்குள் சுல்தான் கனைத்தான்.