கம்ப்யூட்டர் சரின்னு சொன்ன பிறகும்

"மன்னிச்சுக்க ஆரின். உனக்கு விக்கறதா இல்லை," என்றாள் டார்லா.

அவளுடைய துப்பாக்கிக் கடையில் சட்டென்று பேச்சு நின்றது.

ஆரின் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் நின்ற வெண்டலுக்குத்தான் சுருக்கென்றது. இருவரும் பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளிகள். அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் இந்த மூலையில் இருவருடைய மாட்டுப் பண்ணைகளும் அடுத்தடுத்து.

"ஏனாம்? கம்ப்யூட்டர்ல இவன் பேரைத் தட்டிப் பார்த்தியே, என்ன வந்தது?" என்றான் வெண்டல்.

"துப்பாக்கி வாங்கத் தடை எதுவும் இல்லைன்னுதான் வந்தது."

"அப்புறம் என்ன?"

டார்லா ஆரினைப் பார்த்தாள்.

"உன் நாய் எங்கே? அது இல்லாம நீ கடைப்பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லையே."

"தங்கச்சி வீட்ல விட்டுட்டேன்."

"எப்பத் திரும்பக் கூட்டிட்டு வருவே?"

ஆரின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த துப்பாக்கியையே பார்த்தான்.

"நாய்க் கதை எதுக்கு இப்ப?" வெண்டல் குரலை உயர்த்தினான். "உன் மனசுல இருக்கறது எனக்குத் தெரியாதா? பொண்டாட்டி செத்த துக்கத்துல இவன் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தான். அதானே? தானாப் போய் மருந்து எடுத்துக்கிட்டவனைச் சட்டமே ஒண்ணும் சொல்லல. பைத்தியக்காரன்னு முத்திரை குத்த நீ யாரு?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"சொல்லாமச் சொல்றியே! நெஞ்சு வலின்னு படுத்தவனா இருந்தா இப்படி நிக்க வெச்சிருப்பியா?"

"நல்லாக் கேளு வெண்டல்!" என்றார் தோட்டா வாங்க வந்திருந்த ஒருவர்.

டார்லா மறுபடியும் ஆரின் பக்கம் திரும்பினாள். "எதுக்கு வேணும் உனக்கு?"

ஆரின் வாயைத் திறப்பதற்குள் வெண்டல் முந்திக்கொண்டான். "மாடு வெச்சிருக்கறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது? ஓநாய் வந்தா நீயா ஓடி வருவே? இருந்த பழைய துப்பாக்கியும் வித்துட்டான்."

"நான் அவனைக் கேட்டேன்."

"சரி, எடு. என் பேர்ல போடு. நான் வாங்கறேன்."

"வாங்கி இவன் கையில கொடுத்தா குற்றம். இன்னைக்கு உனக்கும் கிடையாது."

"இனிமே இந்தக் கடை வாசலை எவன் மிதிக்கறான்னு நானும் பாக்கறேன்!"

ஆரினின் தோளில் கை போட்டு வெளியே கூட்டி வந்தான் வெண்டல். போகிற வழியில் தன் வீட்டு முன் வண்டியை நிறுத்தினான். உள்ளே போய், தன் கைத்துப்பாக்கியையும் ஒரு டப்பா தோட்டாவையும் எடுத்து வந்து ஆரின் மடியில் வைத்தான்.

"எத்தனை நாள் வேணுமோ வெச்சுக்க. உனக்குன்னு கேக்க நான் ஒருத்தன் இருக்கேன்டா."

ஆரின் "சரி" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலை, காபிக் கடையில் வெண்டலின் மேஜையைச் சுற்றி நல்ல கூட்டம். அப்பத்தின் மேல் பாகு ஊற்றியபடியே நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நாய் எங்கேன்னு கேக்கறாய்யா! துப்பாக்கி வாங்க வந்தவனை!"

எல்லாரும் சிரித்தார்கள். "அவ கடையில நான் சொல்லி வெச்ச ரைஃபிளை வேண்டாம்னு சொல்லிடறேன்," என்றான் ஒருவன். "பெரிய டாக்டர்னு நினைப்பு அவளுக்கு," என்றான் இன்னொருவன்.

அப்போது ஆரின் உள்ளே வந்தான். கண் சிவந்திருந்தது.

"வா வா, இப்படி உக்காரு!" என்று இடம் ஒதுக்கினார்கள்.

"வெண்டல், கொஞ்சம் வெளியே வாயேன்."

வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. டார்லாவின் வண்டி இன்ஜின் அணைக்காமல் நின்றது. ஓட்டும் இடத்தில் அவள். வெண்டலைப் பார்த்ததும் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆரின் அந்த வண்டியிலிருந்து, துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினான்.

"உன் துப்பாக்கி. தோட்டாவை டார்லா எடுத்து வெச்சிருக்கா. அப்புறமாப் போய் வாங்கிக்க."

"அவ எங்கேடா வந்தா நடுவுல?"

"நேத்து சாயங்காலம் சூப் கொண்டு வந்தா. மேஜை மேல இதைப் பார்த்துட்டா. சுத்தி வளைக்கல. 'செத்துப் போகணும்னு இருக்கியா?'ன்னு நேராக் கேட்டா."

"நீ... என்ன சொன்னே?"

"ஆமான்னேன். யாராவது கேட்டா சொல்லிடலாம்னுதான் இருந்தேன். சாப்பிட வெச்சா. விடியற வரைக்கும் எதிர்ல உக்காந்திருந்தா. இப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறா."

துண்டுக்குள் இரும்பு கனத்தது. கடைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நண்பர்கள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்கள். வெண்டலுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டார்லாவிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும். ஆரின் பக்கமே திரும்பினான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா ஆரின்?" என்றான். "உனக்காகத்தானேடா அவகிட்ட அத்தனை சண்டை போட்டேன்?"

வண்டியில் ஏறப்போன ஆரின் நின்றான். அவன் குரலில் கோபம் இல்லை.

"தெரியும் வெண்டல். நீ சண்டை போட்ட அந்த நேரம் பூரா, அவ ஜெயிச்சிடணும்னு நான் கடவுளை வேண்டிக்கிட்டு நின்னேன்."