பதினாலாம் எண்

பதினாலாம் எண் தட்டில் கரும்புள்ளி ஒன்றுகூட மிச்சமில்லை.

ரேணுகா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் கோபம் வந்தது.

தட்டில் இருந்தவை ஒரு குழந்தையின் தோல் செல்கள். பிறவியிலேயே உடம்பில் ஒரு நொதி சுரக்காத குழந்தை. அந்த நொதி இல்லாவிட்டால் செல்லுக்குள் கழிவு தேங்கும். ஈரல் வீங்கும். விரல்கள் மடங்கிப் போகும். நுண்ணோக்கியில் அந்தக் கழிவுதான் கரும்புள்ளியாகத் தெரியும்.

மனித மரபணுவைக் கொண்டு செயற்கையாகத் தயாரித்த அதே நொதியை, மூன்று நாளாக அவள் சொட்டுச் சொட்டாகத் தட்டில் விட்டு வந்தாள். ஒவ்வொரு சொட்டுக்கும் மனசுக்குள் ஒரு 'முருகா'. இன்று செல்கள் துலக்கி வைத்த பாத்திரம் போலிருந்தன.

குப்பியில் ஒட்டியிருந்த சீட்டை மறுபடி படித்தாள். மனித நொதி. ஆய்வுக்கு மட்டும். மனிதருக்குச் செலுத்தக் கூடாது.

அது நியாயம்தான். ஊசியாகப் போடும் அளவுக்குச் சுத்தமானது வெளிநாட்டில் ஒரு கம்பெனியிடம் இருக்கிறது. வாங்க வழியில்லாத சில குழந்தைகளுக்கு அதை இலவசமாகவும் தருகிறார்கள். ஆய்வுக்கூடத்துப் பெரியவர் சோதனை முடிவோடு ஒரு கடிதம் எழுதினால் போதும்.

அந்தக் கடிதத்தைத்தான் இரண்டு மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பெரியவர், தரணிதரன் சார், வந்து குனிந்து பார்த்தார். நிமிரும்போது முகமெல்லாம் சிரிப்பு. மேசை இழுப்பறையிலிருந்து வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

நல்ல மனிதர்தான். பச்சைத் தேயிலையைக் கேட்பாரில்லாமல் எமரால்டு ஊருக்குப் பக்கத்துத் தொழிற்சாலையைப் பூட்டியபோது, அங்கே இலை உருட்டிக்கொண்டிருந்த முத்துவேலுக்கு இந்த பெர்ன்ஹில் ஆய்வுக்கூடத்தில் டீ போடவும் கண்ணாடிச் சாமான் கழுவவும் வேலை கொடுத்தவர் அவர்தான்.

"சார், அந்தக் கடுதாசி" என்றாள் ரேணுகா.

"ஏம்மா, பதினாலுக்குப் பேரே கெடையாது. யாரு எவருன்னு நாம தெரிஞ்சுக்கவே கூடாதுங்கறதுதான் விதி. அப்புறம் யாருக்குன்னு எழுதறது?"

மூன்று மாதத்துக்கு முன்பு, தோல் எடுத்த அன்று, அந்தக் குழந்தை ரேணுகாவின் மடியில்தான் உட்கார்ந்திருந்தது. அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு அழாமல் இருந்தது. பெயரையோ பெற்றவரையோ சொல்ல மாட்டேன் என்று அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

பெயர் வெளியே தெரியக் கூடாது என்று இத்தனை கவலைப்பட்ட விதி, குழந்தை என்ன ஆகும் என்று ஒரு வரி கவலைப்படவில்லை.

"விதி எழுதுனவங்க ஊட்டுல இப்படி ஒரு கொளந்தை இருந்தா, இப்படித்தான் எழுதியிருப்பாங்களா சார்?"

குரல் உயரவில்லை.

அப்போது முத்துவேல் டீத் தட்டோடு உள்ளே வந்தார். நாலு நாள் லீவு முடிந்து இன்றுதான் வேலைக்கு வந்திருந்தார். தட்டை மேசையில் வைத்தார்.

"பேரு ராஜப்ரியாங்க சார். எம் புள்ளைதாங்க."

தரணிதரன் கையிலிருந்த வர்க்கியை மெல்லக் கீழே வைத்தார்.

"ஏனுங்க முத்துவேல், தெனமும் எனக்கு டீ கொண்டாந்து வெக்கறீங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"தோல் எடுத்த டாக்டர் கையெழுத்து வாங்கறப்பவே சொன்னாருங்க, பேரு வெளிய தெரியக் கூடாதுன்னு. நாந்தான் சொல்லக் கூடாதாக்கும்னு இருந்துட்டனுங்க. சொன்னா மருந்து கெடைக்காமப் போயிருமோன்னு பயமுங்க."

ரேணுகா திரும்பி முத்துவேலைப் பார்த்தாள். குழந்தையின் பெயரைக் காப்பாற்ற எழுதிய வாக்குறுதியைத் தனக்கிட்ட கட்டளை என்று எடுத்துக்கொண்டு, கடிதம் எழுத வேண்டியவருக்கே மூன்று மாதமாக வாய் திறக்காமல் டீ ஊற்றியிருக்கிறார் இந்த மனிதர். அதை அவருக்கு விளக்கிச் சொல்ல இத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

தரணிதரன் ஆய்வுக்கூடத்தின் பெயர் அச்சிட்ட கடிதத் தாளை இழுத்து, நின்றபடியே எழுதத் தொடங்கினார். பெயரை எழுதினார்.

"வயசுங்க?"

"அஞ்சு முடிஞ்சு மூணு மாசமுங்க." முத்துவேல் டம்ளர்களை நேராக்கி வைத்தார். "கடுதாசி வேண்டாமுங்க சார். வெள்ளிக்கெழமை காத்தால அடக்கம் பண்ணிட்டமுங்க."

பேனா நின்றது.

ரேணுகா எழுந்து தன் முக்காலியை முத்துவேலின் பக்கம் நகர்த்தினாள். தயங்கித் தயங்கி அவர் உட்கார்ந்தார். தரணிதரன் அவர் பக்கத்தில் வந்து நின்று, செல்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்வரை நுண்ணோக்கியின் திருகைத் தாமே மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார்.

முத்துவேல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"இது இன்னும் எத்தனை நாளைக்கு உசுரோட இருக்குமுங்க?"